ஒக்லஹோமா: பத்திரங்களால் உருவான மாநிலம்

1866ஆம் ஆண்டு அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, செமினோல் பழங்குடியினர் தங்களிடமிருந்த ஏறத்தாழ 21.7 லட்சம் ஏக்கர் நிலத்தை ஏக்கருக்கு 15 சென்ட் வீதம் அரசிடம் எழுதிக்கொடுத்தனர். குடியிருக்க இடம் வேண்டுமே என்று, அதே அரசிடமிருந்து 2 லட்சம் ஏக்கரை ஏக்கருக்கு 50 சென்ட் கொடுத்து வாங்கிக்கொண்டனர். அரசு அந்த நிலத்தை அதே ஆண்டில் பக்கத்துக் கிரீக் பழங்குடியினரிடம் ஏக்கர் 30 சென்ட்டுக்குப் பெற்றிருந்தது. விற்றபோதும் வாங்கியபோதும் விலையை முடிவு செய்தவர் ஒருவரே என்பதால், இந்தக் கணக்கில் யார் நட்டப்பட்டார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஒக்லஹோமா மாநிலத்தின் தோற்றத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒப்பந்தத்தில் தொடங்குவதில்லை. ஆயிரக்கணக்கானோர் குதிரைகளிலும் வண்டிகளிலும் புழுதி பறக்க ஓடி நிலம் பிடித்த 1889 ஏப்ரல் காட்சியிலிருந்தே கதையை ஆரம்பிக்கிறார்கள். அந்த ஓட்டம் ஒரு பிற்பகலில் முடிந்துவிட்டது. நிலம் உண்மையில் கைமாறியது ஒப்பந்தங்கள், நாடாளுமன்றச் சட்டங்கள், பெயர்ப் பட்டியல்கள், பதிவு அலுவலகங்கள் ஆகியவற்றின் வழியாகத்தான். அதற்கு எழுபது எண்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தக் காகிதக் குவியலில் எழுதப்படாமல் விடுபட்ட ஒரு வரி, மாநிலம் உருவாகி 113 ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றத்தில் எழுந்து நின்றது.

பிரான்சிடமிருந்து 1803இல் வாங்கப்பட்ட பெருநிலப்பரப்பின் தென்மேற்கு ஓரத்தில் இருந்த இந்தப் பகுதி, வெள்ளையர் குடியேற்றத்துக்குத் தேவைப்படாத ஒதுக்குப்புறமாகவே முதலில் கருதப்பட்டது. 1830இல் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில் நிறைவேறிய வெளியேற்றச் சட்டத்தின் கீழ், தென்கிழக்கு மாநிலங்களில் வாழ்ந்த சோக்டாவ், கிரீக், சிக்கசாவ், செரோக்கி, செமினோல் ஆகிய ஐந்து இனத்தவரும் அங்கே அனுப்பப்பட்டனர். 1838-39இல் செரோக்கியர் ராணுவக் காவலில் நடத்திச் செல்லப்பட்டபோது ஏறத்தாழ 16,000 பேரில் 4,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களிடம் கையெழுத்து வாங்கிய 1835ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு வாக்குறுதி இருந்தது: புதிய நிலம் அவர்களின் சம்மதமின்றி எந்த மாநிலத்தின் எல்லைக்குள்ளும் எக்காலத்திலும் சேர்க்கப்படாது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் செரோக்கியரில் ஒரு சிறு பிரிவினரே. பெரும்பான்மையினர் அதை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வந்து சேர்ந்தவர்கள் இருபது ஆண்டுகளில் அங்கே அரசுகளை நிறுவினார்கள். எழுத்தில் அமைந்த அரசியல் சாசனம், தேர்ந்தெடுக்கப்பட்ட அவை, நீதிமன்றம், பள்ளிகள் எல்லாம் இருந்தன. டாலெக்வாவைத் தலைநகராகக் கொண்ட செரோக்கியர், செக்வோயா என்பவர் 1820களின் தொடக்கத்தில் உருவாக்கிக் கொடுத்த எழுத்துமுறையில் செய்தித்தாள் அச்சிட்டார்கள். 1851இல் பெண்களுக்கென உயர்பள்ளி திறந்தார்கள். நிலம் இனத்தவர் அனைவருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும் அளவுக்கு உழுது பயிரிடலாம், விற்க முடியாது. இந்தச் சித்திரத்தின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது: ஐந்து இனத்தவரிலும் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தவர்கள் இருந்தனர், அவர்களையும் அதே பாதையில் நடத்தியே கொண்டுவந்தனர். உள்நாட்டுப் போரில் இந்த அரசுகள் தெற்கத்திய அணியோடு உடன்படிக்கை செய்துகொண்டன. ஆனாலும் செரோக்கி, கிரீக், செமினோல் இனத்தவரில் கணிசமானோர் வடக்குக்காகப் போரிட்டனர்.

அந்த உடன்படிக்கைக்குத் தண்டனையாக வந்தவைதான் 1866ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள். அடிமைகளை விடுவிக்க வேண்டும், ரயில் பாதைக்கு வழிவிட வேண்டும், மேற்குப் பாதி நிலத்தை விட்டுத்தர வேண்டும் என்பவை அவற்றின் சாரம். மேற்கில் கிடைத்த நிலத்தில் செயென், அரபாஹோ, கொமான்சே, கயோவா போன்ற சமவெளி இனத்தவரை அரசு குடியமர்த்தியது. நடுவில் யாருக்கும் கொடுக்கப்படாமல் ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கர் மிஞ்சியது. டெக்சஸிலிருந்து கான்சஸ் ரயிலடிக்கு மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றவர்கள் அதைப் பார்த்தார்கள்; ரயில் கம்பெனிகள் பார்த்தன; இது அரசுப் பொதுநிலம், எனவே குடியேற்றச் சட்டப்படி யாரும் உரிமை கோரலாம் என்று 1879இல் பத்திரிகையில் எழுதியவர் ஒரு செரோக்கிய வழக்கறிஞர், எலையஸ் பூடினோ. டேவிட் பெய்ன் என்பவரின் தலைமையில் கூட்டம் கூட்டமாக உள்ளே நுழைவதும், ராணுவம் அவர்களைப் பிடித்துக் கொண்டுபோய் எல்லையில் விடுவதும், அவர்கள் மறுபடி நுழைவதும் 1880களின் முற்பாதியில் திரும்பத் திரும்ப நடந்தன. ரயில் பாதை போட்டவர்களுக்கு இந்தப் போராட்டம் கசக்கவில்லை. ஆளில்லாத நிலத்தின் ஊடே ஓடும் ரயிலால் யாருக்கு வருமானம்?

1889 தொடக்கத்தில் கிரீக், செமினோல் இனத்தவருக்கு 40 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து எஞ்சிய உரிமையையும் அரசு தீர்த்துக்கொண்டது. அதிபர் பெஞ்சமின் ஹாரிசனின் அறிவிப்பின்படி ஏப்ரல் 22 நண்பகல் 12 மணிக்கு எல்லை திறக்கப்பட்டது. சுமார் 50,000 பேர் காத்திருந்தனர் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. ஒருவருக்கு 160 ஏக்கர்; ஐந்து ஆண்டுகள் குடியிருந்து திருத்தினால் நிலம் சொந்தம். நேரத்துக்கு முன்பே உள்ளே நுழைந்து புதருக்குள் ஒளிந்திருந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு எதிரான வழக்குகள் நில அலுவலகங்களை ஆண்டுக்கணக்கில் திணறடித்தன. எட்மண்ட் ரயில் நிலையப் பகுதியில் ரயில்வே நிலத்தில் வேலை நிமித்தம் அனுமதியுடன் தங்கியிருந்த ஒரு பாதைப் பணியாளர், சரியாக நண்பகலுக்குப் பின் வேலியைத் தாண்டி வந்து பக்கத்து நிலத்தில் கூடாரம் அடித்தார். அவர் ஒளியவில்லை, ஏமாற்றவுமில்லை. ஆயினும், எல்லைக் கோட்டில் நின்றவர்களுக்கு இல்லாத அனுகூலம் அவருக்கு இருந்தது என்று கூறி 1893இல் உச்ச நீதிமன்றம் அவருடைய கோரிக்கையைத் தள்ளிவிட்டது.

நகரங்கள் எழுந்த வேகம் நம்ப முடியாதது. காலையில் ரயில் நிலையமும் நில அலுவலகமும் மட்டுமே இருந்த கத்ரியில் இரவுக்குள் ஏறத்தாழ 10,000 பேர் தங்கியிருந்தனர். ஒரு நகரத்துக்கு 320 ஏக்கருக்கு மேல் கூடாது என்று சட்டம் சொன்னதால், கத்ரிக்காரர்கள் ஒட்டி ஒட்டி நான்கு நகரங்களைப் பதிவு செய்து சட்டத்தைக் கடந்தார்கள். ஒக்லஹோமா சிட்டியில் இரண்டு குழுக்கள் தனித்தனியே நில அளவை செய்து மனைகளைப் பிரித்தன. இரண்டின் கோடுகளும் சந்திக்க வேண்டிய இடத்தில் சந்திக்கவில்லை. நேராகப் போக வேண்டிய தெருக்கள் நகரின் நடுவில் ஒரு முழங்கை மடங்கிப் போனதற்கு அதுவே காரணம்.

வேடிக்கை என்னவென்றால், நிலத்தைத் திறந்த நாடாளுமன்றம் அங்கே ஓர் அரசை அமைக்க மறந்துவிட்டது. ஓராண்டுக்கும் மேலாக மேயர்களும் மனைப் பஞ்சாயத்துகளும் சட்ட அங்கீகாரம் ஏதுமின்றி, மக்களின் இசைவை மட்டுமே நம்பி இயங்கின. 1890 மே 2இல்தான் ஒக்லஹோமா ஆட்சிப்புலம் முறையாக அமைந்தது. அமெரிக்க மரபில் ஆட்சிப்புலம் என்பது மாநிலத்துக்கு முந்திய படிநிலை: ஆளுநரை அதிபர் நியமிப்பார், உள்ளூர் அவையை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள், வாஷிங்டனுக்கு அனுப்பும் பிரதிநிதிக்கு அவையில் பேச உரிமை உண்டு, வாக்குரிமை கிடையாது. ஒவ்வொரு ஊராட்சி வட்டத்திலும் குறிப்பிட்ட சதுர மைல் பிரிவுகள் பள்ளிகளுக்கென ஒதுக்கிவைக்கப்பட்டன. அந்த நிலங்களின் குத்தகை வருவாய் இன்றும் பள்ளிகளுக்குப் போகிறது.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் மேற்குப் பகுதி நிலங்கள் துண்டு துண்டாகத் திறக்கப்பட்டன. 1893 செப்டம்பர் 16இல் திறக்கப்பட்ட செரோக்கி அவுட்லெட் என்ற நிலப்பட்டை மட்டும் 60 லட்சம் ஏக்கருக்கு மேல். அதற்கு ஓடியவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினர். ஓட்டத்தில் நடந்த மோசடிகளையும் வன்முறையையும் பார்த்துச் சலித்த அரசு 1901இல் கயோவா, கொமான்சே நிலத்துக்குக் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தது. தங்கள் ஒப்பந்தத்தின்படி வயது வந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்புக்கொள்ளாமல் நிலத்தை எடுக்க முடியாது என்று கயோவாத் தலைவர் லோன் உல்ஃப் தொடுத்த வழக்கில், ஒப்பந்தத்தை மீற நாடாளுமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு என்று 1903இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது வேறு வடிவில் வரும்.

கிழக்குப் பாதியான இந்தியர் (அதாவது அமெரிக்கப் பூர்வகுடியினர்) ஆட்சிப்புலத்தில் நிலைமை வேறு. அங்கே யாரும் ஓடி நிலம் பிடிக்கவில்லை. நிலக்கரிச் சுரங்கம், ரயில்வே, குத்தகை விவசாயம் என்று பிழைப்புத் தேடி வந்த வெள்ளையர்கள் உள்ளூர்க்காரர்களைவிடப் பல மடங்கு பெருகினார்கள். 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கிருந்த 3,92,060 பேரில் பூர்வகுடியினர் ஏழில் ஒரு பங்கு மட்டுமே. வந்தவர்களுக்கு நிலம் வாங்க முடியாது, ஓட்டுக் கிடையாது, பிள்ளைகளுக்குப் பொதுப்பள்ளி கிடையாது. பிறர் நாட்டுக்கு அவர்கள் தாங்களாகவே வந்தவர்கள் என்பது வாஷிங்டனில் எடுபடவில்லை. அவர்களின் குறை மட்டும் நன்றாகவே கேட்டது.

இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழி பாகப்பிரிவினை. கூட்டுப் பட்டாவில் இருந்த நிலத்தைத் தனிப்பட்டாவாக மாற்றிவிட்டால், இனத்தின் அரசுக்கு ஆள நிலம் இருக்காது. தனியாளுக்கு விற்க நிலம் இருக்கும். பழங்குடி நிலங்களை இப்படிப் பங்கு பிரிக்க 1887இல் சட்டம் கொண்டுவந்த செனட்டர் ஹென்றி டாவ்ஸ், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு செரோக்கியரைப் பற்றிப் பேசும்போது, அங்கே வீடில்லாத குடும்பம் இல்லை, பிச்சைக்காரர் இல்லை, அவர்களின் அரசுக்கு ஒரு டாலர் கடனும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அவர் கண்ட குறை ஒன்றே: நிலம் பொதுவாக இருப்பதால் நாகரிகத்துக்கு அடிப்படையான தன்னலம் அவர்களிடம் இல்லை. இப்படிப் பச்சையாகச் சொன்னவரே 1893இல் ஐந்து இனத்தவருக்கான ஆணையத்தின் தலைவராக அனுப்பப்பட்டார். பேச்சுவார்த்தையில் அவர்கள் இணங்காதபோது, 1898இல் கர்டிஸ் சட்டம் பழங்குடி நீதிமன்றங்களைக் கலைத்து, பாகப்பிரிவினையைக் கட்டாயமாக்கியது. அந்தச் சட்டத்துக்குப் பெயர் கொடுத்த சார்லஸ் கர்டிஸ் தாய்வழியில் பூர்வகுடி மரபினர். பின்னாளில் அமெரிக்காவின் துணை அதிபரானவர்.

சுமார் ஒரு லட்சம் பேரின் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. பெயருக்கு எதிரே எத்தனை பங்கு பூர்வகுடி இரத்தம் என்று பின்னத்தில் எழுதினார்கள். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்களுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். அவர்களில் பலருக்குப் பூர்வகுடிப் பெற்றோரும் இருந்தனர், ஆனால் பட்டியல் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. கிரீக் இனத்தவருக்குத் தலா 160 ஏக்கர், மற்றவர்களுக்கு நிலத்தின் தரத்தைப் பொறுத்து வேறு வேறு அளவு. சிட்டோ ஹார்ஜோ என்ற கிரீக் தலைவர் பங்கை வாங்க மறுத்து, பழைய ஒப்பந்தத்தையே மேற்கோள் காட்டி எதிர்த்தார். அவரும் அவருடைய ஆதரவாளர்களும் கைதுசெய்யப்பட்டார்கள்.

எப்படியும் மாநிலம் வரப்போகிறது என்றான பிறகு, ஐந்து இனத்தவரின் தலைவர்கள் செய்த காரியம் இந்தக் கதையிலேயே மிகத் தெளிவான அரசியல் நகர்வு. 1905 ஆகஸ்டில் மஸ்கோகி நகரில் கூடி, கிழக்குப் பாதியைச் செக்வோயா என்ற பெயரில் தனி மாநிலமாக்க ஒரு சாசனம் எழுதினார்கள். கிரீக் தலைவர் பிளசன்ட் போர்ட்டர் தலைமை வகித்தார். நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 56,279 பேர் ஆதரவாகவும் 9,073 பேர் எதிராகவும் வாக்களித்தனர். நாடாளுமன்றம் அதைப் பரிசீலிக்கவே இல்லை. இரண்டு மாநிலம் என்றால் நான்கு செனட்டர்கள். நால்வரும் ஜனநாயகக் கட்சியினராகவே இருப்பார்கள் என்று ஆளும் குடியரசுக் கட்சி கணக்குப் போட்டது. ஒரே மாநிலம் என்ற முடிவுக்கு இதைவிடப் பெரிய தத்துவம் எதுவும் பின்னால் இல்லை.

1906 ஜூன் 16இல் நிறைவேறிய சட்டத்தின்படி இரு பகுதிகளும் இணைந்து கத்ரியில் அரசியல் நிர்ணய மாநாட்டைக் கூட்டின. 112 பேரில் 99 பேர் ஜனநாயகக் கட்சியினர். செக்வோயா மாநாட்டில் பயிற்சி பெற்றிருந்த வில்லியம் மரே இதற்குத் தலைவரானார். ரயில்வே கட்டணத்தைக் கட்டுப்படுத்த ஆணையம், மக்களே சட்டத்தை முன்மொழியும் உரிமை என அந்தக் காலத்துக்கு முற்போக்கான பல பிரிவுகள் கொண்ட, மிக நீளமான சாசனம் உருவாயிற்று. கறுப்பினத்தவரை ஒதுக்கும் பிரிவுகளைச் சேர்த்தால் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஒப்புதல் தரமாட்டார் என்பதால் அவற்றை விட்டுவைத்தார்கள். 1907 நவம்பர் 16இல் 46ஆவது மாநிலமாக ஒக்லஹோமா அறிவிக்கப்பட்டது. மக்கள்தொகை 14,14,177. கத்ரி நூலகப் படிகளில் ஒக்லஹோமா என்ற மாப்பிள்ளைக்கும் இந்தியர் ஆட்சிப்புலம் என்ற மணப்பெண்ணுக்கும் போலித் திருமணம் நடத்திக் கொண்டாடினார்கள். புதிய சட்டமன்றத்தின் செனட்டில் எண் 1 இட்டு வந்த முதல் மசோதா, ரயிலில் கறுப்பினத்தவருக்குத் தனிப்பெட்டி என்பது. தெற்கின் ஒடுக்குமுறையிலிருந்து தப்பி வந்து, லாங்ஸ்டன், போலி (Boley) போன்ற ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களைத் தாங்களே அமைத்து வாழ்ந்துவந்த கறுப்பினக் குடியேறிகளுக்குப் புதிய மாநிலம் கொடுத்த பரிசு அது. 1910இல் அவர்களின் வாக்குரிமையைப் பறிக்கக் கொண்டுவந்த, பாட்டனார் ஓட்டுப் போட்டிருந்தால்தான் எழுதப் படிக்கத் தெரியுமா என்ற தேர்விலிருந்து விலக்கு என்ற சூழ்ச்சியை 1915இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது.

தலைநகரம் 1913 வரை கத்ரியில் இருக்க வேண்டும் என்பது நாடாளுமன்றம் விதித்த நிபந்தனை. 1910இல் வாக்கெடுப்பு நடத்தி ஒக்லஹோமா சிட்டிக்கு மாற்றிவிட்டார்கள். மாநிலமாக்கிய பின் அப்படி நிபந்தனை போட முடியாது, எல்லா மாநிலங்களும் சமம் என்று 1911இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அமெரிக்கக் கூட்டாட்சி முறையின் அடிப்படைத் தீர்ப்புகளில் ஒன்று.

வளர்ச்சிக்குப் பணம் மண்ணுக்கடியிலிருந்து வந்தது. 1897இல் பார்ட்டில்ஸ்வில் அருகே முதல் வணிக எண்ணெய்க் கிணறு, 1905இல் டல்சாவுக்குத் தெற்கே கிளென் பூல், 1912இல் குஷிங் என அடுத்தடுத்து எண்ணெய் கிடைத்தது. 1900இல் 1,390 பேர் வாழ்ந்த டல்சாவில் 1930இல் 1,41,258 பேர் இருந்தனர். குழாய்கள் வந்து கூடும் குஷிங்கின் சேமிப்புத் தொட்டிகள்தான் இன்றும் அமெரிக்கக் கச்சா எண்ணெய் விலையின் அடையாள இடம். பங்கு பிரித்த ஏக்கர்களில் எண்ணெய் ஊறத் தொடங்கியதும் பத்திரத்தின் மதிப்புப் புரிந்தது. 1908ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பகுதிப் பங்குகளை விற்பதற்கிருந்த தடையை நீக்கி, சிறுவர்களின் சொத்தை மாவட்ட நீதிமன்றங்களின் பொறுப்பில் விட்டது. நீதிமன்றம் நியமித்த காப்பாளர்களில் பலர், பிள்ளைகளின் குத்தகைப் பணத்தைக் கணக்குக் காட்டாமல் தின்று தீர்த்தார்கள். ஓசேஜ் இனத்தவர் மட்டும் கெட்டிக்காரத்தனமாக, 1906இல் மேல்நிலத்தைப் பிரித்தாலும் கனிம உரிமையைப் பொதுவிலேயே வைத்துக்கொண்டு, வருமானத்தை 2,229 பங்குகளாகப் பகிர்ந்தார்கள். அந்தப் பங்குகளை வாரிசுரிமை வழியாகக் கைப்பற்றுவதற்காகவே 1920களில் அவர்களில் பலர் கொலை செய்யப்பட்டனர்.

இலவச நிலம் பிடித்தவர்களும் நெடுநாள் உடைமையாளர்களாக இருக்கவில்லை. 1910வாக்கிலேயே மாநிலத்து விவசாயிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் குத்தகைக்காரர்கள். பருத்தி விலை, வட்டிக் கடன், நிலத் தரகு ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த வேலை இது. சோஷலிஸ்ட் கட்சிக்கு அந்நாளில் மிக வலுவான ஆதரவு நகரத் தொழிலாளர்களைவிட இந்தக் குத்தகை விவசாயிகளிடம்தான் இருந்தது என்பது இதோடு பொருந்துகிறது. 1921 மே 31, ஜூன் 1 தேதிகளில் டல்சாவின் கிரீன்வுட் பகுதியில் கறுப்பினத்தவரின் 35 தெருத்தொகுதிகளை வெள்ளையர் கும்பல் எரித்தது. 1930களில் மேற்கு முனையில் புல்தரையை உழுது கோதுமை போட்ட நிலம் வறட்சியில் புழுதியாகப் பறந்தது. 1930இல் 23.96 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1950இல் 22.33 லட்சமாகக் குறைந்தது. பிறகு ராணுவ விமானத் தளம், அணைகள், 1971இல் திறந்த ஆர்கன்சாஸ் நீர்வழி என்று மாநிலம் மெல்ல மீண்டது. 2020இல் மக்கள்தொகை 39.59 லட்சம்.

விடுபட்ட வரிக்கு வருவோம். 2020 ஜூலை 9இல் மெகர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி, கிரீக் இனத்தவரின் ஒதுக்கு நிலம் இன்னும் இருக்கிறதா என்பது. அங்கே குற்றம் செய்த பூர்வகுடி ஒருவரை மாநில நீதிமன்றம் விசாரிக்கலாமா என்பது அதைப் பொறுத்தது. ஒப்பந்தத்தை மீற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்ற 1903ஆம் ஆண்டு நிலைப்பாட்டை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் மீறுவதென்றால் அதைச் சொல்லி மீற வேண்டும். பங்கு பிரித்தார்கள், நீதிமன்றங்களைக் கலைத்தார்கள், மாநிலம் அமைத்தார்கள். ஒதுக்கு நிலம் ஒழிக்கப்பட்டது என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. எனவே அது இருக்கிறது என்று ஐவர் பக்கம் தீர்ப்பானது. மற்ற நான்கு இனத்தவருக்கும் இது பொருந்தும் என்று மாநில நீதிமன்றங்கள் 2021இல் ஏற்றன. வீடு நில உடைமைகள் மாறவில்லை; குற்ற வழக்குகளின் அதிகார எல்லை மாறியது. பூர்வகுடியினருக்கு எதிராகப் பிறர் செய்யும் குற்றங்களை மாநிலமும் விசாரிக்கலாம் என்று 2022இல் இன்னொரு தீர்ப்பு கொஞ்சம் திருப்பிக்கொடுத்தது.

வழக்குகள் ஓயவில்லை. டல்சாவில் வேகமாகக் கார் ஓட்டியதற்காக 150 டாலர் அபராதம் கட்டிய சோக்டாவ் இனத்தவர் ஒருவர், நகராட்சிக்குத் தன்மேல் அதிகாரமில்லை என்று வழக்குப் போட்டார். 1898ஆம் ஆண்டின் கர்டிஸ் சட்டம் தனக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது என்று நகராட்சி வாதிட்டது. மாநிலம் உருவான பின் டல்சா மாநிலச் சட்டத்தின் கீழ் மறுபடி பதிவு செய்துகொண்டதால் அந்தப் பழைய அதிகாரம் அதற்கு இப்போது இல்லை என்று 2023 ஜூனில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.